கடைக்கு வந்த கல்யாணப் பைகள்

அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்களைத் தற்காலிகம் என்று நம்பினோம். ஒன்று, கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று வந்திருந்த தடை. மற்றொன்று, கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு என் தங்கை வந்து இறங்கியது. தடை பொங்கல் கூட்டத்தைத் தாங்காது என்றாள் அம்மா. தங்கையைப் பற்றிக் கேட்டவர்களிடம், பொங்கலுக்கு வந்திருக்கிறாள், முடிந்ததும் போய்விடுவாள் என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். நானும் நம்பினேன் என்று எழுதுவதே நேர்மை. நம்பாமல் இருப்பதற்கு வேண்டிய துணிவு எனக்கு அப்போது இல்லை.

பொங்கல் போயிற்று. தடையும் இருந்தது, தங்கையும் இருந்தாள். ஏன் வந்தாள் என்பதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. இனித் திரும்பிப் போக மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது. அதை அம்மாவிடம் எடுத்துச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பொறுமை என்று எல்லாரும் பாராட்டுகிற குணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒத்திப்போடல்தான்.

மாசியில், பேருந்து நிலையத்துக்கு அருகே புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள் தங்கை. பி.காம். படித்தவளுக்கு இந்த வேலையா என்று அம்மா முகம் சுளித்தாள். தங்கை என்னிடம் தனியாகக் காரணம் சொன்னாள்.

"வூட்ல இருந்தா வரவங்க போறவங்க எல்லாம் கேக்கறாங்க. அங்க வரவங்க பில்லத்தான்க்கா பாப்பாங்க, மூஞ்சிய யாரு பாக்கப் போறாங்க?"

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு நாளில் சில மணி நேரம், யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம்.

நான் பீங்கான் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குத் திருமணம் அமையவில்லை; அந்தப் பேச்சை வீட்டில் எப்போதோ விட்டுவிட்டார்கள். மாலையில் வேலை முடிந்ததும் ஸ்கூட்டியில் போய்த் தங்கையை அழைத்து வருவேன். பின்னால் உட்கார்ந்து அன்றைய கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒருவர் வாங்கிய முட்டைகளை ஹெல்மெட்டுக்குள் அடுக்கிக்கொண்டு வெறுந்தலையோடு வண்டியை எடுத்தாராம். வாசலிலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டாராம். "பையில தப்பிச்சாரு, ஹெல்மெட்டுல மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

சிரிக்க முடியாதவையும் இருந்தன. எங்கள் பகுதிப் பீங்கான் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து, கையில் களிமண் காய்ந்திருக்க அப்படியே கடைக்கு வருகிற பெண்கள் உண்டு. காலையில் பை எடுத்து வர வேண்டும் என்று திட்டமிட்டு வாழ்கிற வாழ்க்கை இல்லை அவர்களுடையது. பருப்பையும் எண்ணெயையும் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். கடையில் விற்கிற துணிப்பையை எடுத்துப் பார்ப்பார்கள். அதை வாங்க வேண்டுமென்றால் வாங்கிய சோப்பைத் திரும்ப வைக்க வேண்டும். சிலர் வைத்தார்கள். ஒரு பெண் தங்கையிடம் கேட்டாளாம்: "பருப்பு பிளாஸ்டிக்ல இருக்குது, எண்ணெ பிளாஸ்டிக்ல இருக்குது. நாங்க தூக்கிட்டுப் போறதுதான் ஒலகத்தக் கெடுக்குதாம்மா?"

தங்கைக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் தின்ற மாட்டின் வயிற்றைப் பற்றியும் குப்பையடைந்த எங்கள் ஊர் மணிமுத்தாற்றைப் பற்றியும் வண்டியை ஓட்டிக்கொண்டே விளக்கினேன். நான் சொன்னவை சரியானவைதான். அவற்றைக் கேட்க வேண்டியவள் அந்தப் பெண்தானா என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்தப் பெருமிதத்தில்தான் அம்மாவிடம் பரணைக் காட்டினேன். தங்கையின் கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பைகளில் இரண்டு கட்டு அங்கே மிஞ்சிக் கிடந்தன. மஞ்சள் துணியில், ஒரு பக்கம் பிள்ளையார், மறு பக்கம் மணமக்களின் பெயர்கள். சும்மா கிடப்பதைத் தெருவுக்குக் கொடுத்தால் நாலு பேருக்கு உதவும் என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மலர்ந்தது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று விருந்தாளிகளுக்குத் தாம்பூலம் கொடுக்க அவளை விடவில்லை. கணவனை இழந்தவள் கூடாது என்றார்கள். சித்திதான் நின்று கொடுத்தாள். பெற்ற மகளின் கல்யாணத்தில் அம்மா சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது பைகளைத் துவைத்து, மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரலி மஞ்சள் போட்டு, வீடு வீடாகத் தன் கையாலேயே கொடுத்தாள். நான் பத்துப் பைகளை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பேக்கிங் பகுதிப் பெண்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

எங்கள் தெரு முழுவதும் சாமான் வாங்குவது அந்த ஒரு கடையில்தான் என்பதை நாங்கள் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கடையில் தங்கையின் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருப்பார்கள். அட்டையில் இருந்த பெயரே பையிலும் இருந்தது, பக்கத்தில் இன்னொரு பெயரோடு. பார்த்தவர்கள் படித்தார்கள். படித்தவர்கள் கேட்டார்கள். "இது நீதான கண்ணு? மாப்ள சௌக்கியமா? எப்பப் போற?" என்று ஒருத்தி கேட்க, தங்கை "சில்லறையா இருந்தா குடுங்க" என்று மட்டும் சொன்னாளாம். ஒரு நாளில் ஏழெட்டு முறை அந்தப் பையை வாய் திறந்து பிடித்து, அரிசியும் பிஸ்கட்டும் அடுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டியின் பின்னால் கதைகள் நின்றுபோயின.

ஒரு மாலை, இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். அம்மா கடைசிக் கட்டுப் பைகளை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எல்லாரு கையிலயும் அந்த ரெண்டு பேரும் சேந்து இருக்கட்டும்டி. ஊரு பாக்கப் பாக்க அதுவே உன்னக் கொண்டுபோயி வுட்டுடும்."

என் துணிப்பைப் பிரசாரம் அம்மாவுக்கு எதற்குப் பயன்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். அவள் போக மாட்டாள் அம்மா, வற்புறுத்தாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடலாம் வாருங்கள் என்றேன்.

மறுநாளிலிருந்து தங்கை ஒரு வேலை செய்தாள். தன் கல்யாணப் பை வந்தால் மட்டும், அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பிறகு சாமானை அடுக்கிக் கொடுத்தாள். பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை. ஒரு வாரம் அப்படிப் போயிற்று. பிறகு சித்தி வந்தாள். மண்டப வாசலில் அந்தப் பைகளைக் கொடுத்த அதே சித்தி.

"கல்யாணப் பையத் திருப்பிப் போடறியே, வெளங்குமாடி?"

"பேரு உள்ள இருந்தா பருப்புக்கு ஒண்ணும் ஆவாது சித்தி."

வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்டார்கள். வாடிக்கையாளர்களின் பையைத் திருப்பக் கூடாது, முடியாதென்றால் வர வேண்டாம் என்று மேலாளர் மறுநாள் சொன்னார். தங்கை பெயர் அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

செய்தி சித்தி வழியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. அவளே தன் கையால் திருப்பிவிட்டாள், அப்படியே இருக்கட்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்தது, கிடைத்தது. தங்கை அதற்காகக் கலங்கியதாகத் தெரியவில்லை. அம்மாதான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, தங்கையைப் பார்க்காமலே சொன்னாள்:

"வாழ்நாள்ல ஒரே ஒருக்காதான் நான் என் கையால குடுத்தன். அதையும் திருப்பிட்ட."

அதற்குப் பிறகு அவளிடம் அம்மா பேசவில்லை.

தங்கை கோயம்புத்தூரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். ரயிலேற்றிவிட நான்தான் ஜங்ஷனுக்குப் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "அம்மாவ நான் ஒண்ணும் நெனைக்கலக்கா. நீ இவ்ளோ பொஸ்தகம் படிக்கற, நீயாவது ஒரு வார்த்தை சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மறுத்துப் பேச ஏதாவது இருந்திருக்கும்.

இப்போது தெருக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் கல்லாவுக்குக் கீழேயிருந்து தயக்கமில்லாமல் வருகின்றன. சூப்பர் மார்க்கெட்டில் துணிபோலத் தோன்றும் ஏதோ ஒன்றை விற்கிறார்கள். இரண்டு மழைக்கு இற்றுப்போகிறது. களிமண் கைப் பெண்கள் இன்னமும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நான் அவர்களிடம் எதையும் விளக்குவதில்லை.

விவாகரத்து ஆகிவிட்டது. தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் செய்கிறாள். வேலையைப் பற்றி, விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள். அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை. நாங்கள் பேசும்போது அடுத்த அறையில் டி.வி.யின் சத்தம் குறைகிறது. பேசி முடித்ததும் பழையபடி கூடுகிறது. அம்மாவும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.