ஒளிப்புழுக் குகையில் ஒரு மெழுகுதிரி

என் மனைவி கண்மூடியபோது தலைமாட்டில் எரிந்த மெழுகுதிரியில் பாதி மிச்சம் இருந்தது. பெப்ரவரித் திருநாளில் கோயிலில் மந்திரித்துத் தருகிற திரி. எங்களுடைய கத்தோலிக்க ஆட்கள் அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, இடி மின்னலுக்கும் உயிர் போகிற நேரத்துக்கும்தான் எடுப்பார்கள். அந்தப் பாதித் திரியை ஒரு துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, அவளுடைய முதலாம் ஆண்டு நினைவுக்காக நான் இத்தாலியின் பலேர்மோவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு, மகளிடம் போனேன்.

மகள் தாயின் சாவுக்கு வரவில்லை. அவளுடைய விசாப் பத்திரம் குடிவரவுக் கந்தோருக்குள்ளே போயிருந்த நேரம் அது. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. தொலைபேசித் திரையில்தான் எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைத்தோம். அந்த நாளைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

போய் இறங்கிய முதல் கிழமையே அவள் கேட்டுவிட்டாள்.

"இனி அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள் அப்பா? இஞ்சை எங்களோடையே இருங்கோ."

மருமகனும் நல்ல பிள்ளை. "மாமா, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பேப்பர் வேலை எல்லாம் நான் பாக்கிறன்" என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரும்புகிற டிக்கெட்டுக்கு ஐந்து கிழமை இருந்தது. அது வரைக்கும் யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால், பலேர்மோவில் ஒரேத்தோப் பக்கம் உள்ள என் வீட்டை நினைக்கவும் பயமாக இருந்தது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் மகள் வீடும் பகலில் அப்படித்தான். இருவரும் விடியவே காரில் போய்விடுவார்கள். றோட்டில் ஒரு மனிசர் இல்லை. ஒரேத்தோவில் என்றால் மேல்மாடிக் கிழவி கூடையைக் கயிற்றில் இறக்கிப் பாண் வாங்கிக்கொண்டு கடைக்காரனை ஏசுகிற சத்தமாவது கேட்கும். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்குள்ளால் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நினைவு நாள் வந்தது. காலையில் பூசைக்குப் போனோம். வந்து, திரியை மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"மாமா, பொறுங்கோ. மேலை இருக்கிற மிஷினுக்குப் புகை பட்டால் கத்தும். அயலட்டை எல்லாம் ஓடிவந்திடும்" என்றார் மருமகன்.

"அயலட்டையிலை ஆக்கள் இருக்கினமோ? நான் இன்னும் ஒருத்தரையும் காணேல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, திரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா, இஞ்சை காட்டுக்குள்ளை ஒரு குகை இருக்கு. எங்கட மலைக் கெபி மாதிரித்தான், உள்ளுக்கை தண்ணி விழும். பின்னேரம் போவம்" என்றாள்.

மலைக் கெபி என்றால் பலேர்மோவுக்கு மேலே மலையில், பாறைக்குள் இருக்கிற புனிதையின் கோயில். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும், அதைத் தகரப் பீலிகளில் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடைய ஆட்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். சைவ ஆட்களும் வருவார்கள். மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு என் மனைவி ஏறியிருக்கிறாள். ஆகவே மகள் அப்படிச் சொன்னதும், கும்பிடுகிற இடம் என்றே நான் விளங்கிக்கொண்டேன். யாரையும் கேட்காமல் திரியையும் சமையலறை லைட்டரையும் கோட்டுப் பையில் போட்டேன்.

அங்கே அப்போது குளிர்காலம். ஐந்து மணி தாண்டவே காட்டுக்குள் இருண்டுவிட்டது. பெரிய மரங்கள், ஈரம், தவளைச் சத்தம். படிகளில் இறங்க இறங்கத் தண்ணீரின் இரைச்சல் கூடிக்கொண்டு வந்தது. குகை வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

"ஐயோ அப்பா, கால் விறைக்கப்போகுது!"

"கெபிக்குள்ளை சப்பாத்தோடை போறதே?"

அவள் சப்பாத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

குகையின் கூரையில் ஒரு பெரிய ஓட்டை. அதற்குள்ளால் அருவி நேரே உள்ளே விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாறை முழுக்கச் சின்னச் சின்ன நீல வெளிச்சங்கள். மின்மினி என்று நினைத்தேன். "இல்லை அப்பா, புழு. அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்" என்று மகள் காதுக்குள் சொன்னாள். பத்துப் பதினைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் இல்லாமல், மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசையில் குருவானவர் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது சனம் நிற்பது போலவே இருந்தது. இவர்களும் கும்பிடுகிறார்கள் என்றுதான் என் மனம் சொன்னது. ஆண்டவர் புழுவைக் கொண்டே இவ்வளவு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறாரே, என் மனைவிக்காக நான் ஒன்று ஏற்றினால் என்ன என்று நினைத்து, ஓரமாகக் குனிந்து, திரியைக் கொளுத்தினேன்.

சுவாலை எழும்பியது. யாரோ இங்கிலிஷில் கத்தினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு மேலே பாறை வெறும் கறுப்பாக இருந்தது. அவ்வளவும் அணைந்துவிட்டன.

"மாமா, திரியை நூருங்கோ, நூருங்கோ! வெளிச்சம் பட்டால் அதுகள் அணைஞ்சிடும்!"

மகள்தான் விரலால் திரியை நசித்து அணைத்தாள். மருமகன் அந்த ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. வெறுங்காலோடு, பிழை செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி நான் இருட்டுக்குள் நின்றேன். அவ்வளவு சனத்துக்குள்ளும், இந்த உலகத்தில் எனக்கு ஒருவரும் இல்லை என்பது போல இருந்தது. மாதாவே என்று ஒரு சொல்லுக்கு மேல் செபமும் வரவில்லை.

மகள் என் கையை விடவில்லை. கனநேரத்துக்குப் பிறகு கேட்டாள்.

"இது அம்மான்ரை திரிதானே? போனிலை பார்த்தனான்."

"ஓம்."

"ஏன் அப்பா மிச்சம் வைச்சனீங்கள்?"

"நீ வரேல்லைத்தானே. உனக்கு முன்னாலை மிச்சத்தைக் கொளுத்துவம் எண்டு."

அவள் அழுதாள். அருவிச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. தாயை நினைத்து அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பாறையில் இரண்டு மூன்று வெளிச்சம் திரும்பி வந்தது. மற்றதுகள் வர முன்னம் மருமகன் போவோம் என்றார்.

காரில் மகள் திரியை ஒரு டிஷ்யூப் பேப்பரில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

"இதை அங்கை மலையிலை கொண்டுபோய்க் கொளுத்துங்கோ. அம்மாவும் அங்கைதானே இருக்கிறா."

திரும்பிப் போகப் போகிறேன் என்று நான் இவ்வளவு நாளும் சொல்ல முடியாமல் இருந்ததை அவளே சொல்லிவிட்டாள். "கோவமோ?" என்று கேட்டேன். "கோவந்தான்" என்றாள். மருமகன் கார் ரேடியோவைப் போட்டார்.

திரும்பி வந்து முதல் ஞாயிறே மலை ஏறினேன். நல்ல வெய்யில், கல்லெல்லாம் சுட்டது. கெபியில் பாதி எரிந்த திரிகளை எடுத்து வாளிக்குள் போடுகிற ஆள் இரண்டு முறை என் பக்கம் வந்தார். நான் திரிக்கு முன்னால் நகராமல் நின்றேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை. எரிந்து முடிய, கடைசி பஸ் போய்விட்டது. நடந்தே இறங்கினேன்.

வழியில் மகளுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியப்புறம்தான், ஆனாலும் அவள் முழித்திருந்தாள்.

"கொளுத்தினீங்களோ அப்பா?"

"ஓம்."

"முழுக்க எரிஞ்சதோ?"

"முழுக்க எரியுமட்டும் நிண்டனான்."

பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்றாள். இனிப் போய்த்தான் சமைக்க வேண்டும் என்றேன். வீட்டில் காலையில் குடித்த கோப்பை வைத்த இடத்தில் இருந்தது. கழுவிவிட்டு ஒரு ஆளுக்கு அரிசி போட்டேன்.