இழுக்காத பீடி

பெட்டிக்கடைக் கயிற்று நெருப்பில் பீடியைக் காட்டிப் பற்றவைத்துக்கொண்டு பஸ் நிலையத்துச் சுவரோரம் நிற்கிறார் கஜபதி. பீடியை வாயில் வைக்க மாட்டார். புகை போகிற போக்கை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. நேராக மேலே போய்க் கலைந்தால் முகம் மலர்ந்துவிடும். தலைக்குமேல் கொஞ்சம் ஏறி, அப்படியே பரவிப் படுத்துக்கொண்டால் வந்தது வினை. "நாளைக்கு விடிகாலையில ஊரு மேல புகை குந்திக்கினு எழுந்திரிக்காதுங்க" என்பார், கேட்காதவர்களிடமும்.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வந்திறங்கும் லுங்கி மூட்டைகளைக் கைவண்டியில் ரயிலடிக்குச் சேர்ப்பது அவர் பிழைப்பு. மழை வருமா என்று சொல்ல ரேடியோ இருக்கிறது. புகை வருமா என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மார்கழி பிறந்தால் அந்த உத்தியோகத்தைக் கஜபதியே எடுத்துக்கொண்டுவிடுவார். பாதி நாள் பலிக்கும். மீதி நாள் ஊரார் வாய்க்கு அவல். "ஒரு பீடி தண்டம்பா" என்று பெட்டிக்கடை ஆறுமுகம் சீண்டுவார். "போனா போவுது. அவளுக்கு மூச்சு ஓடினா போதும்" என்று இவர் சிரிப்பார்.

அவள் என்றால் மனைவி ரஞ்சிதம். கஜபதிக்கு உயிரே அவள்தான். பனிக்காலத்தில் புகை பட்டால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். அடுப்புப் புகை, கரி இன்ஜின் புகை எல்லாம் பனியோடு சேர்ந்து தெருவிலேயே தங்கிவிடுகிற மலையடிவார ஊர் இது. போன வருஷம் போகிக்கு, "காத்து அடிக்கும், ஒண்ணும் ஆவாது" என்று தைரியமாகச் சொல்லியிருந்தார். காற்று அடிக்கவில்லை. வாசலுக்கு வாசல் பழைய பாயும் சைக்கிள் டயரும் எரிந்தன. ரஞ்சிதத்தைக் கைவண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இந்த வருஷம் போகிக்கு முந்தின மாலை, பீடிப் புகை படுத்துவிட்டது. கஜபதி வீடு வீடாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். "பழசெல்லாம் எங்கிட்ட குடுங்க. ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோயி, விடியறதுக்குள்ள நானே கொளுத்திடறேன்." பலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். கோடி வீட்டு ஞானம்மாள் மட்டும் மசியவில்லை.

"இன்னாப்பா இது அநியாயம்! வாசல்ல கொளுத்தலைன்னா அது போகியா?"

"சாங்கியத்துக்கு ஒரு தொடப்பக்குச்சி கொளுத்துக்கா. மீதிய வண்டியில போடு. அவ இன்னொருவாட்டி தாங்க மாட்டாக்கா."

ஞானம்மாள் உள்ளே போனாள். பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து அவளே வண்டியில் போட்டாள்.

மறுநாள் விடிந்தபோது மலையே தெரியாத பனி. ஏரிப் பக்கமிருந்து கஜபதி கரியும் சாம்பலுமாக வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் புகை நாற்றம். அதோடு வீட்டுக்குப் பக்கத்தில் போக அவருக்குப் பயம். நாலு வீடு தள்ளியே நின்றுகொண்டு, "எப்டி கீது?" என்று கையை ஆட்டிக் கேட்டார்.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ரஞ்சிதம் எழுந்தாள். டாக்டர் முன்னால் நிற்பவளைப்போல நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவர் பார்க்கும்படி மெல்ல விட்டுக் காட்டினாள்.