மூன்றாம் துண்டில் மூச்சு

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் "பியன் / வெ / னி / தா" என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஸ்பெயின் நாட்டுப் பேச்சில், வீட்டுக்கு வருகிற பெண்ணை இப்படிச் சொல்லித்தான் வரவேற்பார்களாம். வெள்ளிக்கிழமை என் சம்பந்தியம்மாள் அங்கிருந்து வருகிறார். மகன் கல்யாணம் அந்த ஊரிலேயே நடந்தது. அன்று போனில் அவர் "வணக்கம், சம்பந்தி" என்று தமிழிலேயே சொன்னார். நான் வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

"ஒனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? நான் சொல்லிக்கிடுதேன். நீ கையக் கூப்பு, போதும்" என்று போனில் சொன்னான், அவரைக் கூட்டி வருகிற மகன்.

"அவுக எனக்குத்தான சம்பந்தி? நாந்தான் சொல்லுவேன்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வீம்பில் மட்டும் குறைச்சலில்லை பாருங்கள்.

சொல்லைத் துண்டு போட வந்துவிட்டது. "பியன்" ஒரே துண்டு, அதை இரண்டாக உடைத்தால் மகன் சிரிப்பான். அழுத்தம்தான் அகப்படவில்லை. "உயிரெழுத்துச் சத்தத்துல முடியுத சொல்லுக்கு, கடைசிக்கு முந்துன துண்டுல அழுத்தணும்மா" என்கிறான். என் வாயில் நாலும் ஒரே கனமாக விழுந்தன.

நேற்று பாக்கெட் அவலை நனைத்தபோது, அதில் இல்லாத ஒரு வாசனை மூக்கில் ஏறியது. வறுத்த நெல். கல்யாணத்துக்கு முன்னால் சேரன்மகாதேவியில் அவல் இடிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தேன். ஓர் உரலைச் சுற்றி மூன்று பெண்கள், மூன்று உலக்கை. நெல் ஆறுமுன் மாறி மாறிக் குத்த வேண்டும். குத்து விழும்போது "ஹும்" என்று மூச்சு விட வேண்டும். அதைக் கேட்டுத்தான் அடுத்தவள் தன் உலக்கையை இறக்குவாள். ஆம்பிளைகள் நெல் வறுக்கிற இடத்தில் அப்படிச் சத்தம் போடக் கூசி, நான் மூச்சை விழுங்கிவிட்டேன். உலக்கைகள் முட்டின. எதிரே நின்ற பேச்சியின் விரல் மயிரிழையில் தப்பியது. அவளுக்கும் என் வயதுதான்.

"ஏட்டி, ஊமைக்கோட்டான்! ஒன் ஒலக்க எப்ப எறங்கும்னு நாங்க சோசியமா பாக்க?"

அடுத்த குத்துக்கு நான் விட்ட மூச்சில் வறுக்கிறவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "யாத்தி, புலில்லா உறுமுது!" என்று பேச்சி சிரித்தாள். ஆனால் உலக்கை முட்டவில்லை.

நேற்று அடுப்படியில் காலை அகட்டி நின்றேன். நாலு துண்டும் நாலு குத்து. மூன்றாவதில் மூச்சை இறக்கினேன். போனில் மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யம்மா, இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை, அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். பேச்சியும் போய்விட்டாள். என் மூச்சுக்குக் காது கொடுத்து எதிரே ஓர் ஆள் நின்று எத்தனையோ வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து நிற்பார்.