மூடி விளிம்பில் இருந்த குழிகள்

என் வீட்டுக்காரருக்குக் கோணல் என்றால் ஆகாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால், சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் கல்யாண போட்டோவில் நான் கேமராவைப் பார்க்கிறேன், இவர் என் சங்கிலி டாலரை நடுவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் இவருக்கு ஸ்கேல் என்று பெயர். வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

பழைய மேஜை, அலமாரி, நகைப்பெட்டி இவற்றைச் சீர்செய்து தருவதுதான் தொழில். முன்னறை பட்டறை, பின்னால் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறை. வார்னிஷ் வாசனை இல்லாமல் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை. வருகிற சாமான்களிலேயே இவர் உயிரை விடுவது நியோ கிளாசிக்கல் சாமானுக்கு. வளைத்தும் நெளித்தும் செதுக்கியது போதும் என்று சலித்துப்போய், பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பார்த்து அந்தக் காலத்தில் ஐரோப்பாக்காரர்கள் செய்த பாணி அது. கால்கள் நேராக இறங்கும், கீழே போகப் போக ஒல்லியாகும். மூலைக்கு மூலை குட்டித் தூண், மூடியின் நடுவே இலை வளையம், இடப்பக்கம் என்ன உண்டோ வலப்பக்கமும் அதே. "பாரு, எப்படி நிக்குதுன்னு" என்று கண் கலங்கிப் போவார். என்னைப் பார்த்து ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

எதிர்ச் சந்தில் டெய்லரம்மா இருக்கிறார். தனி ஆள், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். ஒரு நாள் துணியில் சுற்றி ஒரு நகைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்ததும் இவருக்கு மூச்சே நின்றுவிட்டது. நாலு மூலையிலும் பித்தளைத் தூண், பூட்டைச் சுற்றிச் சின்னப் பூவேலை, உள்ளே வெளிறிய நீல வெல்வெட். அம்மா வழியில் வந்ததாம்.

"கீல் மட்டும் போட்டுக் குடுங்கண்ணா. வேற எதுவும் தொட வேணாம்" என்றார் டெய்லரம்மா.

செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்தோம். பாவம், தனியாகத் தைத்துப் பிழைக்கிறவர்.

கீல் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதோடு பெட்டியை மூடி வைத்திருக்கலாம். இவர் கை சும்மா இருக்குமா? மூடியின் விளிம்பு மிருதுவான மரம், அதில் இடப்பக்கம் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. மேலே சில, அடியில் சில. வலப்பக்கம் சுத்தம்.

"ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தா பெட்டிக்கே அவமானம். பாவம் அந்தம்மா, காசு வாங்காம செஞ்சு குடுத்துடலாம்" என்றார்.

நசுங்கிய மரத்தின் மேல் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி இறங்கும், மரம் ஊதி மேலே வரும். எத்தனையோ மேஜைகளில் செய்த வேலைதான். குழிகள் போன இடம் தெரியவில்லை. மேலே அரக்கு மெருகு ஏற்றினார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, நானே தடவிப் பார்த்து மெச்சினேன்.

டெய்லரம்மா வந்தார். மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார், கீல் சத்தமில்லாமல் ஆடியது. சிரித்தார். பிறகு கட்டைவிரல் தானாகவே விளிம்பின் இடப்பக்கம் போனது. தடவியது. திரும்பத் தடவியது.

"இங்க குழி இருந்துச்சே."

"அதையும் எடுத்துட்டேன்மா. அதுக்குக் காசு எதுவும் வேணாம்" என்றார் இவர், முகமெல்லாம் பூரிப்பாக.

அவர் பெட்டியைத் திருப்பி வலப்பக்கம் தடவினார், பக்கம் மாறிவிட்டதோ என்கிற மாதிரி. பிறகு மறுபடி இடப்பக்கம்.

"அது என் பொண்ணு கடிச்சதுண்ணா. பல்லு முளைச்சப்போ. ஊறல் தாங்காம இதப் புடிச்சு நின்னு கடிப்பா."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாய் சும்மா இருக்கமாட்டாமல், "பொண்ணு இப்ப எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த வருஷத்தோட போயிட்டா, அக்கா. போட்டோகூட எடுத்ததில்ல. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

இவர் வாய் திறந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதே என்று அத்தனை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாரே, உங்களுக்குக் காது என்ன அடைச்சா போச்சு என்று கத்த வாயெடுத்தேன். கத்தி என்ன பயன்? ஊதிய மரத்தை யார் திரும்ப அமுக்குவது?

இவர் அமுக்கப் பார்த்தார். திடீரென்று எழுந்து, சின்ன உளி ஒன்றை எடுத்தார். "நான் திரும்ப வெச்சுத் தரேம்மா. அதே எடத்துல, அதே ஆழத்துல. கொஞ்சங்கூட மாறாது."

டெய்லரம்மா பெட்டியை மார்போடு இழுத்துக்கொண்டார். "வேணாம். நீங்க வெச்சா அது நீங்க வெச்சது."

உளியைக் கீழே வைத்துவிட்டு இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். டெய்லரம்மா அழவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து இவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேம்மா."

"சொல்லுங்க."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேல நாலு. நடுவுல ரெண்டும் அகலம், ஓரத்துல ரெண்டும் சின்னது. இடது ஓரம் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. அதுதான் எனக்குக் கண்ண உறுத்துச்சு. அடியில ரெண்டு, ஒட்டி ஒட்டி."

"சாஞ்சா இருந்துச்சு?" என்றார் டெய்லரம்மா. "ஆமா. அந்தப் பல்லு சாஞ்சுதான் வந்துச்சு. எனக்கே மறந்துபோச்சு."

பெட்டியை மடியில் வைத்து, மெருகு பளபளக்கும் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா. மெதுவா."

இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.