கட்டைவிரல் மேல் ஒட்டிய ஜன்னல்

உக்குவளையில் வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். ஒருநாள் த்ரீவீலர் ஓட்டும் சலீம் நானா வந்தார். "என் மனுசி நாலு மாசமா படுக்கையில, மிஸ். வானம் மட்டும் போட்டு ஒரு அட்டை செஞ்சு தாங்க," என்றார்.

நீல மைகளைப் பஞ்சால் தேய்த்து, ஒன்றோடொன்று கலந்தேன். காயும் முன்பே அவசரப்பட்டுத் தூக்கியதில் நடுவானத்தில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. மறுபடி செய்யச் சோம்பல். பூப்போட்ட தாளில் இரண்டு கீற்று வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி மறைத்தேன்.

அட்டையைப் பார்த்ததும் நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ கிடக்குற அறையில ஜன்னல் இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே. நீங்களே ஜன்னல் சட்டம் வச்சிட்டீங்களே, மிஸ்!"

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால், "இருக்கட்டும் நானா," என்றேன். இன்றும் வானம் செய்ய உட்கார்ந்தால் அந்தக் கட்டைவிரல் கூசுகிறது.