பத்தாவது சூரைக்குப் பின்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மூர்த்திக்குப்பமும் எல்லைக்கு அப்பாலிருந்த இந்தியக் குப்பமும், சூரை மீன் அற்றுப்போகாதிருக்க ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. கட்டுமரத்துக்குப் பத்து சூரைதான். பத்தானதும், பிடிப்பு முடிந்தது என்று துடுப்பை நிமிர்த்திக் காட்ட வேண்டும்.

1954 நவம்பரில் பிரெஞ்சு எல்லை போயிற்று. ஒப்பந்தமும் போயிற்றா? மறுநாள் கடலில் பத்தாவது சூரையை ஏற்றியபோது மூர்த்திக்குப்பத்துக் காத்தவராயனை அதுதான் குடைந்தது. சுற்றிலும் சூரை துள்ளியது. அவர் கண்ணோ இந்தியக் குப்பத்துச் செல்லப்பனின் கட்டுமரத்தின் மேலேயே இருந்தது. அவன் பதினொன்றாவதுக்குத் தூண்டில் விட்டால் இவரும் விடுவார். பிறகு இரண்டு ஊரும் தூண்டில் விடும்.

அங்கே துடுப்பு நிமிர்ந்தது.

"இன்னாடா, நாடு ஒண்ணாயிடுச்சே, இன்னும் துடுப்பத் தூக்குற?" என்று கூவினார்.

"நாடுதான் ஒண்ணாச்சு மாமா. கடல்ல சூரை ரெண்டு மடங்காவலியே."

காத்தவராயன் தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தம் துடுப்பை நிமிர்த்தினார்.