தாய்வீட்டில் பிறந்தவன்

மெர்டேக்கா என்கிற மலேயா விடுதலை நாள் வந்தால் எங்கள் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி எல்லாம் அமர்க்களமாக இருக்கும். விடுதலைக்குப் பாடுபட்டவர்கள் என்று வரிசையாகப் பெயர் படிப்பார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், கடை முதலாளிகள். நானும் வருடா வருடம் போய் உட்கார்ந்து கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டு, வயிற்றெரிச்சலோடு வீடு திரும்புவேன். என் அண்ணன் கருணாகரன் பெயரை ஒருத்தரும் படித்ததில்லை. மலாக்கா காஜா பெராங் தெருவில் லோங்காங் கழுவியவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அவன் தங்கை சீதா நான் இருக்கிறேன், நான் சொல்கிறேன்.

லோங்காங் என்றால் தெருவோரச் சாக்கடை. வெறுங்காலோடு அதில் இறங்கி, மண்வெட்டியால் சேற்றை வாரிப் போட வேண்டும். உடைந்த பாட்டில், ஆணி, மீன்முள் எல்லாம் அந்தச் சேற்றில்தான் கிடக்கும். அண்ணனோடு வேலை செய்த ஒருவருக்குக் கால் புரையோடி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அண்ணனுக்கு ரோஷம் வந்தது. உலகத்துக்கே ரப்பர் கொடுக்கிற நாடு இது. சாக்கடை கழுவுகிறவன் காலுக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் கிடையாதா என்று கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை. ஆள் சேர்த்தான், சங்கம் வைத்தான், புக்கிட் பாரு வரைக்கும் சைக்கிளில் போய்ப் பேசினான். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்திருந்த சமயம். ஒரு வாரம் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. மலாக்கா டவுனே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எங்கள் அம்மா அன்னபூரணி வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். அப்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா பெருமைப்பட அதிகம் இல்லாதவள். அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அவர் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னாலும் அவள் வாழ்வு ஒன்றும் பொங்கி வழிந்துவிடவில்லை. நாகப்பட்டணத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கட்டின புடவையோடு வந்தாள் என்று அப்பாவின் அக்கா குத்திக் குத்திப் பேசுவாராம். "நாதியத்தவ, இவளுக்கு யாரு இருக்கா?" என்பது அத்தையின் தினப்படி மந்திரம். அம்மா முதல் பிள்ளையைச் சுமந்தபோது, ஏழாம் மாதம் அவளுடைய அண்ணன் கப்பலேறி வந்து இறங்கினார். வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குத் தங்கையைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். கருணாகரன் அங்கே பிறந்தான். கைக்குழந்தையோடு அம்மா மலாக்காவில் வந்து இறங்கிய அன்றிலிருந்து அத்தையின் வாய் அடைத்தது. தெருவில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்து வர மாட்டாள். "எனக்குக் கடலத் தாண்டி ஆளு வந்துச்சு" என்பாள். அவளிடம் இருந்த நகை அது ஒன்றுதான்.

நாற்பத்தெட்டில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க என்று வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்தான். காட்டில் துப்பாக்கி தூக்கியவனும் ரோட்டில் பூட்ஸ் கேட்டவனும் அவர்களுக்கு ஒன்றாகிவிட்டான். சங்கங்களின் பதிவை ரத்து செய்தார்கள். அண்ணனை வேலையிடத்திலேயே, காலில் சேறு காயாமல், பிடித்துக்கொண்டு போனார்கள். பல மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டு நாடு கடத்தப் போவதாகச் சொன்னார்கள். மலாக்காவில் பிறந்தவன் என்றால் கடத்த முடியாது, இந்தியாவில் பிறந்தவன் என்றால் கப்பலேற்றிவிடலாம். அவர்கள் கையில் பிறப்புப் பத்திரம் எதுவும் இல்லை. எங்களிடமும் இல்லை. ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் தாயார் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

எங்கள் தெரு மருத்துவச்சி சாரதாம்பாள் தானாகவே வந்தார். என்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை அவருடையது. "கருணாவ நாந்தான் வெளிய எடுத்தேன்னு சூடம் அணைச்சு சொல்றேன் அன்னம். பொய் சொன்ன பாவம் என் தலையோட போகட்டும். நீ மட்டும் தடுமாறாதே" என்றார். அம்மா அடுப்படியிலும் கிணற்றடியிலும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள். காஜா பெராங்கில் பிறந்தான், சாரதாம்பாள் கையில் பிறந்தான். கடைசியில் எனக்கே அது நிஜம் போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் பொன்னுதுரை. வெளுத்த சட்டை, சாந்தமான முகம். மூத்த மகன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். "காஜா பெராங்லதாங்க" என்றாள் அம்மா, கணீரென்று. சாரதாம்பாளும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். துரை தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது பொன்னுதுரை துரையிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில தானேயம்மா வழக்கம்? ஊரில இருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லையோ? உங்களுக்கு ஆக்கள் இல்லையோ?"

கொக்கி போட்டுத்தான் கேட்டாரா, நிஜமாகவே இரக்கப்பட்டுக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாரதாம்பாள் அம்மாவின் காலை மிதித்தார். நான் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்த மனிதர் முகத்தில் அவள் எங்கள் அத்தையைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குங்க ஆளு இல்ல? எங்கண்ணன் கப்பலேறி வந்தாரு! ஏழாம் மாசம் கை நெறைய வளையல் போட்டு, ராணி மாதிரி கூட்டிட்டுப் போனாரு! எம்புள்ள எங்கம்மா வீட்டுல, எங்கம்மா மடியிலதான் விழுந்தான்!"

பேசி முடித்து நிமிர்ந்து நின்றாள். ஒரு நொடி அந்தப் பெருமை அப்படியே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, இல்லீங்க துரை, பொய்யிங்க" என்று கத்தினாள். தாய்வீட்டுக் கதையைப் பொன்னுதுரை மொழிபெயர்த்தார். பொய் என்றதையும் மொழிபெயர்த்தார். துரை தாய்வீட்டுக் கதையைத்தான் எழுதிக்கொண்டார்.

கப்பலேற்றுவதற்கு முன் ஒருமுறை பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பாதியாக இளைத்து நின்றான். அம்மா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"வாய விட்டு ஒரு வார்த்த திட்டிட்டுப் போடா கருணா. நான் பாவி. திட்டுடா."

அண்ணன் சிரித்தான். "மாமா பேர காப்பாத்திட்டே இல்ல? அது போதும், விடும்மா. சாப்பிட்டியா?" என்றான்.

திட்டியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அவன் அன்பாகப் பேசியதுதான் அவளைத் தின்றது.

அங்கே ஊரில் மாமா எப்போதோ செத்துப்போயிருந்தார். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பிறந்த ஊரில் அண்ணனுக்கு ஒரு ஆளைத் தெரியாது. மலாய் கலந்து பேசியதைக் கேட்டு அந்த ஊர்ப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்தார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறான். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, தர்ம ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டான். அங்கே போய் வந்த எங்கள் தெரு கலியாணசுந்தரம் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே லோங்காங் ஆட்களுக்கு அப்போது பூட்ஸ் வந்திருந்தது. யார் கேட்டு வந்தது என்று யாரும் பேசவில்லை.

அம்மா அழவில்லை. அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் போகவில்லை. அவ்வளவுதான்.

ஐம்பத்தேழில் விடுதலை வந்தது. குடியுரிமை பதிவதற்குப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். கூட்டம் தெருவரைக்கும் நின்றது. நான் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மலாய்க்காரப் பையன் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். நல்ல மரியாதை தெரிந்த பையன். பெயர், வயது கேட்டான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.

"ரெண்டு" என்றாள் அம்மா. அதோடு நிறுத்தவில்லை.

"மூத்தவன் கருணாகரன். இங்கதான் பொறந்தான் தம்பி. காஜா பெராங்லதான் பொறந்தான். சாரதாம்பாள் கையிலதான் பொறந்தான். என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரல. எனக்கு அண்ணனே கெடையாது. எனக்கு ஆளே இல்ல தம்பி, நான் நாதியத்தவ."

பையனுக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், அவன் காதில் விழவில்லை என்று நினைத்து, அம்மா மேசைப் பக்கம் குனிந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.